அணைச்சுப்போடும் அரைப்பற்களும்

என் தங்கை கணவனை முறைப்படி 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். நேரில் பார்த்தால் 'வாங்க தம்பி, உட்காருங்க' என்றுதான் நானும் பேசுகிறேன். ஆனால் அந்த மூன்று வாரம் அவனால் நான் பட்ட பாட்டை நினைத்தால், பேனா 'அவன்' என்றுதான் எழுதுகிறது. கோபம் ஆறினால் மாற்றிக்கொள்கிறேன்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது செயற்கைப் பல் செய்யும் கூடத்தில். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகள் முதலில் பின்னறைக்குப் போகும். அங்கே இருக்கும் பிளாஸ்டரம்மா அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் வெள்ளைத் தாடையாக எடுத்து, ஸ்கேனரில் வைத்துப் படம் பிடிப்பார். படம் சர்வருக்குப் போகும். சர்வரிலிருந்து கடைசல் மெஷினுக்குப் போகும். மெஷின் பல்லைக் கடைந்து கொடுத்தால், அதற்கு நிறம் தீட்டுவது என் வேலை. வெள்ளைவெளேரென்ற பல் இந்த உலகத்தில் யாருக்கும் கிடையாது. எல்லாம் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சாம்பல். இதைச் சொன்னால் பல் கட்ட வருகிறவர்களுக்குக் கோபம் வரும்.

சர்வர், கம்ப்யூட்டர்கள், போன், வாசல் கதவின் மணி, இத்தனைக்கும் பொறுப்பு என் தங்கை கணவன். ஏழு வருடத்துக்கு முன் அவனை இங்கே சேர்த்துவிட்ட புண்ணியவதி நான்தான். அதனால் அங்கே எது நின்றாலும் எல்லோரும் முதலில் அவனைப் பார்ப்பார்கள், அடுத்து என்னைப் பார்ப்பார்கள்.

அவன் பெயரை அந்தக் கூடத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவன் 'அணைச்சுப்போடு'. எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அவன் வாயிலிருந்து முதலில் வருவது, "ஒரு தடவ அணைச்சுப் போட்டுப் பாருங்க" என்பதுதான். பத்துக்கு எட்டு தடவை அதிலேயே சரியாகிவிடும். மீதி இரண்டுக்கு, "இன்னொரு தடவ" என்பான். சேர்ந்த புதிதில் ஒவ்வொருவர் மேஜைக்கும் போய்ப் பாடமே எடுத்தான். மெஷின் நின்றால் என்னைக் கூப்பிடாதீர்கள், பொத்தானை அழுத்தி அணையுங்கள், நூறு எண்ணுங்கள், மறுபடி போடுங்கள் என்றான். பதினோரு பேரும் நல்ல பிள்ளைகளாகக் கற்றுக்கொண்டோம். நாளடைவில் யோசிக்காமலே கை அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டது.

வீட்டிலும் இதே வைத்தியம்தான். மிக்ஸிக்கு, டிவிக்கு, குழாய்க்கு, எல்லாவற்றுக்கும். குழாயை மூடி நூறு எண்ணித் திறந்தால் தண்ணீர் வேகமாக வரும் என்று ஒரு தடவை என்னிடமே அடித்துச் சொன்னான். என் தங்கையோடு சண்டை வந்தாலும் இதேதான். வாய்க்கு வாய் பேசமாட்டான். பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். சரியாகப் பத்து நிமிடம் கழித்து வந்து மணியடிப்பான். கதவைத் திறந்தால், "வந்துட்டேன்மா, இன்னிக்கு செம வேல" என்று அப்போதுதான் ஆபீஸிலிருந்து வருகிறவனைப் போல உள்ளே வருவான். ஞாயிற்றுக்கிழமையானாலும் அதே வசனம். கல்யாணமான முதல் வருடம் இதற்காகவே என் தங்கை தனியாக ஒரு சண்டை போட்டாள். அதற்கும் பத்து நிமிடம் போய்விட்டு வந்தான். பிறகு அவளும் விட்டுவிட்டாள். அந்தப் பத்து நிமிடத்தில் பாதிக் கோபம் போய்விடும், மிச்சம் அவன் மூஞ்சியைப் பார்த்தால் போய்விடும் என்பாள்.

இப்படிப்பட்டவனிடம் இருக்கும் ஒரு சர்வர், யாரும் கேட்காமலே, தானாக அணைந்து தானாக எழுந்திருக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்?

ஒரு திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அது முதல் தடவை நடந்தது. கடைசல் மெஷின் ஒரு கடைவாய்ப் பல்லைப் பாதி கடைந்துகொண்டிருந்தது. சர்வர் அணைந்ததும் அதுவும் அப்படியே நின்றுவிட்டது. மெஷினுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. பாதிப் பல் வீண். சர்வர் நான்கு நிமிடத்தில் ஒன்றும் நடக்காதது போல எழுந்து உட்கார்ந்தது. மத்தியானத்துக்கு மேல் இன்னொரு தடவை. மறுநாள் மூன்று தடவை.

எங்கள் முதலாளி ஒரு பல் டாக்டர். டாக்டரம்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைப்பது எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு கோபம். அந்த வாரம் அவர் தன் மேஜையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, பாதியில் நின்ற பற்களை எல்லாம் அதில் கொண்டுவந்து போடச் சொன்னார். வருகிறவர்கள் எல்லாம் மிட்டாய் என்று நினைத்துக் கையை நீட்டி, பிறகு பின்வாங்கினார்கள்.

அந்தக் கிண்ணத்தில் என் அம்மாவும் இருந்தார். அதாவது, அம்மாவின் மேல்வரிசைப் பற்கள் மூன்று தடவை கடைய ஆரம்பித்து, மூன்று தடவையும் பாதியில் நின்று, மூன்று துண்டாக அதில் கிடந்தன. பழைய பற்களை எடுத்தாகிவிட்டது. புதியது இரண்டு நாளில் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தது நான். அம்மா இருப்பது தங்கை வீட்டில். பாலில் நனைத்த ரொட்டியும் வாழைப்பழமுமாக அவர் நாளைத் தள்ளினார். யார் வந்தாலும் வாயைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் அவன் வந்ததும் அவன் பையை ஒரு தடவை பார்ப்பார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று அவன் என்னிடம் புலம்பினான்.

முதல் வாரம் அவன் சர்வருக்கு உஷ்ணம் என்று நினைத்தான். மூடியைக் கழற்றித் தூசி தட்டினான். அதற்கென்று ஒரு மேஜை மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தான். நாங்கள் வியர்வையில் குளித்துக்கொண்டிருக்க, சர்வர் மட்டும் காற்று வாங்கியது. அதற்குப் பிறகும் அணைந்தது. கரண்ட் வயரை மாற்றினான், யூ.பி.எஸ். பேட்டரியை மாற்றினான், உள்ளேயிருந்த மெமரித் தகடுகளைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினான். சர்வர் இத்தனை உபசாரத்தையும் ஏற்றுக்கொண்டு, பதினொரு மணிக்கு அணைந்தது.

இரண்டாவது வாரம், சர்வர் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் பதிவுகளை உட்கார்ந்து படித்தான். படித்துவிட்டு வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றான். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, கரண்ட் போயி பொத்துன்னு விழறது வேற. கதவெல்லாம் சாத்திட்டு, லைட்ட அணைச்சிட்டு, நிதானமா படுக்கப் போறது வேற. இது ரெண்டாவது. யாரோ போன்னு சொல்றாங்க, இது போகுது" என்றான்.

யாரோ வெளியிலிருந்து உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினான். எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றினான். இரண்டு நாளில் மறுபடி மாற்றினான். மூன்றாவது தடவை மாற்றியபோது எங்களுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆளாளுக்குச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டிவிட்டோம். திருடன் வந்திருந்தால் கண்ணாடிகூடப் போடாமல் படித்திருப்பான்.

அப்புறம் ஒரு நோட்டை வாங்கிச் சர்வர் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். அணைகிற ஒவ்வொரு நேரத்தையும் அதில் குறித்தான். சில நாள் ஒன்று, சில நாள் மூன்று. சாப்பாட்டு வேளையில் ஒருபோதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. மூன்றாவது வாரம் புதன்கிழமை நாள் முழுக்க ஒரு தடவைகூட இல்லை. அன்று அவன் எதனால் சரியானது என்று தெரியாமலே விசிறியைத் தட்டிக்கொடுத்தான்.

புதன்கிழமையின் அர்த்தத்தை முதலில் கண்டுபிடித்தது டாக்டரம்மா. அன்றைக்கு லீவில் இருந்தது ஒரே ஒரு ஆள், பிளாஸ்டரம்மா.

வியாழக்கிழமை காலை டாக்டரம்மா என்னையும் அவனையும் அறைக்குள் கூப்பிட்டார். சனிக்கிழமை வெளிக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வரப்போகிறார் என்றார். சர்வரை இனி அவர்கள் தங்கள் இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வார்கள். அதன் பிறகு, அவனுக்கு இங்கே என்ன வேலை என்று யோசிக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டரம்மா வேண்டுமென்றே ஏதோ செய்கிறார் என்று நினைக்கிறேன், நாளைக்கு அவரை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன் என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். நாங்கள் வெளியே வந்தபோதும் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழங்கை வரை வெள்ளையாக, பின்னறையை விட்டு வெளியே வராத மனுஷி. சர்வர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார். அதைவிட ஒரு சுற்று அதிகமாகவே செய்வார். இவரா சதி செய்வது? எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அவனுக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் நோட்டில் இருக்கும் புதன்கிழமையை என்ன செய்வது? அன்றைக்கே பின்னறையில் போய் உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். தனியாகப் போனால் போலீஸ் மாதிரி இருக்கும் என்று என்னையும் கூட்டிக்கொண்டான். நான் ஒரு தாடையின் நிறத்தைப் பற்றிக் கேட்க வந்தது போல ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிளாஸ்டரம்மா மாவு கரைத்தார், ஊற்றினார், தட்டினார். பிறகு ஒரு தாடையை எடுத்து ஸ்கேனரில் வைத்தார். மூன்று வாரத்துக்கு முன் வந்த புது ஸ்கேனர் அது. படம் பாதியில் நின்றது. பிளாஸ்டரம்மா அலட்டிக்கொள்ளவில்லை. ஸ்கேனரின் பொத்தானை அழுத்தி அணைத்தார். கண்ணை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்.

"இது அடிக்கடி இப்படி நிக்குமா?" என்று அவன் கேட்டான்.

"தெனம் ரெண்டு மூணு தடவ நிக்கும் தம்பி. நீங்கதான சொன்னீங்க, ஒங்களக் கூப்பிட வேணாம், அணைச்சு நூறு எண்ணிப் போடுங்கன்னு. நான் ஒரு நாளாவது ஒங்களத் தொந்தரவு பண்ணியிருக்கனா?" என்றார். சொல்லிவிட்டு, பேச்சில் எண்ணிக்கை விட்டுப்போனதால், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

நூறு முடிந்து பொத்தானை அழுத்தினார். பழைய ஸ்கேனர் என்றால் மூச்சு விடுவதற்குள் எழுந்துவிடும். புதியது திரையில் ஒரு நீல வட்டத்தைச் சுற்றவிட்டு, சாவகாசமாகச் சோம்பல் முறித்தது. வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, கூடத்தின் அந்தக் கோடியில் சர்வர் அணையும் ஓசை கேட்டது. கடைசல் மெஷின் நின்றது. உடனே கூடம் முழுக்க டக், டக், டக் என்று சத்தம். ஒன்பது பேர், யாரும் சொல்லாமலே, அவரவர் மெஷினை அணைத்துவிட்டு நூறு எண்ணிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பிளாஸ்டரம்மாவும், சர்வர் நின்றுவிட்டது என்று தெரிந்ததும், நீல வட்டத்தோடு ஸ்கேனரை மறுபடி அணைத்தார்.

அவன் எழுந்து ஓடினான். நானும் பின்னால் ஓடினேன்.

சர்வர் எழுந்ததும் எதையோ தேடினான். கண்டுபிடித்தான். திரையை என் பக்கம் திருப்பினான். எனக்குக் கம்ப்யூட்டர் பாஷை தெரியாது. ஆனால் அந்த எழுத்துகளுக்கு மேலே தமிழில் ஒரு வரி இருந்தது: 'தற்காலிகம். லீவு முடிந்து வந்ததும் எடுத்துவிட வேண்டும்.' பக்கத்தில் தேதி. அந்தத் தேதி எனக்கு நன்றாகத் தெரியும். என் தங்கையைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள். அன்று பிறந்தவள் இப்போது ஒன்றாம் வகுப்பு முடிக்கப்போகிறாள்.

அந்தக் காலத்தில் சர்வர் அடிக்கடி மற்ற மெஷின்களோடு பேச்சை நிறுத்திவிடுமாம். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பிரசவ வார்டிலிருந்து ஓடிவந்து அணைத்துப் போட முடியாதே. அதனால் சர்வருக்கே தன் வைத்தியத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஸ்கேனரை ஓயாமல் கூப்பிட்டுப் பார், மூன்று நிமிடம் பதில் வரவில்லையென்றால் கோளாறு உன்னிடம்தான், நீயே உன்னை அணைத்துப் போட்டுக்கொள் என்று. ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அணைக்காமல் விடுவது ஸ்கேனர் ஒன்றைத்தான், அதனால் அதைத் தேர்ந்தெடுத்தானாம். பழைய ஸ்கேனர் இருந்தவரை மூன்று நிமிடமே ஆனதில்லை. புதியது பிளாஸ்டரம்மாவின் நூறையும் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குக் குறைந்து எழுந்திருக்காது.

மூன்று வாரம் வீடு முழுக்கத் திருடனைத் தேடியவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தது போல இருந்தான்.

நான் சட்டென்று சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். "தம்பி, யாரும் பாக்கல. அந்த வரிய அழிச்சிடுங்க. வைரஸ் இருந்துச்சு, எடுத்துட்டேன்னு சொல்லிடுங்க. சனிக்கிழம ஆளும் வர வேண்டியதில்ல."

அவன் அழித்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப பிளாஸ்டரம்மா?"

"அவங்களுக்கு ஒன்னும் ஆகாது" என்றேன். நாளைக்கு அவரை அனுப்பப் போகிறார்கள் என்று காலையில்தான் என் இரண்டு காதாலும் கேட்டிருந்தேன். வைரஸ் என்று சொன்னால், அதைக் கொண்டுவந்ததும் அவர்தான் என்று ஆகிவிடும். அதுவும் எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் எழுந்து கூடத்தின் நடுவுக்குப் போய், டாக்டரம்மாவைக் கூப்பிட்டான். பின்னறைக் கதவைத் திறந்து பிளாஸ்டரம்மாவையும் கூப்பிட்டான்.

எல்லோர் முன்னாலும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. லீவு, ஸ்கேனர், மூன்று நிமிடம், 'தற்காலிகம்' என்ற வார்த்தை உட்பட. "இந்தம்மா நான் சொன்னத அப்படியே செஞ்சாங்க. தப்பு என்னோடது. கிண்ணத்துல இருக்கிற பல்லெல்லாம் நான் ஒடைச்சது" என்று முடித்தான். பிளாஸ்டரம்மா ஒன்றும் புரியாமல், சொன்னபடி செய்தது தப்பா என்று என்னைக் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அதை நாங்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கையை நீட்டிக் கதவைக் காட்டி, "போங்க" என்றார். அவ்வளவுதான்.

அவன் பையை எடுத்துக்கொண்டான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

கூடத்தில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது, சர்வரும் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கை ஓடவில்லை. தங்கைக்கு என்ன சொல்வது, அம்மாவுக்கு என்ன சொல்வது என்று நான் ஒரு பல்லில் மஞ்சளை அப்பிக்கொண்டிருந்தேன். அவன் மேல் எனக்கு அவ்வளவு கோபம், அவனுக்காக அவ்வளவு அழுகை. பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். அதைச் சொல்லிக்கொடுத்தவள் இங்கே நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் போய் ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறானே.

எட்டு. ஒன்பது. தூரிகையைக் கீழே வைத்தேன். இது அவன் வீடு இல்லை, டாக்டரம்மா என் தங்கையும் இல்லை. வராமல் போய்த் தொலை என்றும் வேண்டிக்கொண்டேன், வந்துவிடு என்றும் வேண்டிக்கொண்டேன்.

பத்தாவது நிமிடம் வாசல் மணி அடித்தது.

டாக்டரம்மாவே போய்க் கதவைத் திறந்தார். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். முகத்தைக் கழுவித் தலையை வாரியிருந்தான்.

"வணக்கம் டாக்டர். சர்வர் பாத்துக்க ஒரு ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன். முன்னால இருந்தவர் சரியில்லையாமே" என்றான்.

டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். முப்பது வரை எண்ணினேன்.

"அவரு என்ன தப்பு பண்ணினாரு, தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் டாக்டர். செஞ்சு வெச்சத யாருகிட்டயும் சொல்லல. தன்னையும் யாரும் கூப்பிடக் கூடாதுன்னுட்டாரு."

"நீங்க?"

"நான் எல்லாத்தையும் எழுதி வெச்சிடுவேன். எந்த மிஷின் நின்னாலும் மொதல்ல என்னத்தான் கூப்பிடணும்."

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அவரு நாற்காலி அங்க இருக்கு. ஒரு மாசம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். போகிற வழியில் பிளாஸ்டரம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக ஏதோ சொன்னார். மன்னிப்பு என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் டாக்டரம்மாவின் கை வெள்ளையாகியிருந்தது, அதை அவர் துடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் எழுதினான். கயிறு கட்டிய நோட்டு போதாமல் இன்னொன்று வாங்கினான். இந்தக் கூடத்தில் இன்னும் எத்தனை 'தற்காலிகம்' இருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாசல் மணி போன் வயரில் ஓடுகிறதாம். பிரிண்டர் வேலை செய்வதே யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு கம்ப்யூட்டர் அலமாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதால்தானாம். சனிக்கிழமை வந்த வெளிக் கம்பெனி ஆள் இஸ்திரி போட்ட சட்டையோடு நோட்டைப் பிரித்து, நான்கு பக்கம் படித்து, தன் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவின் மேல்வரிசையை நானும் அவனும் கொண்டுபோனோம். இந்தத் தடவை மெஷின் ஒரே மூச்சில் கடைந்து முடித்திருந்தது. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சாம்பல், எனக்குத் தெரிந்த என் அம்மாவின் பல்லின் நிறம். அம்மா உள்ளே போய் மாட்டிக்கொண்டு, வாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளையை நேராகப் பார்த்தார். எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான்.

"ஒரு ஆப்பிள் குடுங்க மாப்ள. வெட்ட வேணாம், முழுசா."

புதுப் பல்லோடு முதல் நாளே ஆப்பிளைக் கடிக்கக் கூடாது என்று வருகிற எல்லோருக்கும் நாங்கள் சொல்லி அனுப்புவோம். நானும் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தங்கை கணவர் ஓர் ஆப்பிளை எடுத்து, கழுவி, சட்டையிலேயே துடைத்து அம்மா கையில் வைத்தார். அம்மா கடிக்கும்வரை அவர் மூச்சு விடவில்லை.